ஓரி எதற்காகக் கொடுத்தான்?

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு இரண்டு விஷயங்கள் மறப்பதில்லை. ஒன்று, காரவள்ளி அடிவாரத்திலிருந்து தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். மற்றொன்று, மேலே செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலை. கொல்லிமலையில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 'நாடு' என்று பெயர். வளப்பூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு என்று வரிசையாக வரும். செம்மேடு இருப்பது வாழவந்தி நாட்டில். ஆடி மாதத்தில் ஓரிக்கு விழா எடுக்கிறபோது மலையே அங்கே திரண்டு வரும்.

சிலைக்கு மாலை போடுகிறோம். ஆனால் அந்த மனிதன் உண்மையிலேயே நல்லவன்தானா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

மாணவ நண்பர்களே, கோபப்படாதீர்கள். கேள்வி ஓரியைப் பற்றியது மட்டும் அல்ல. உங்களையும் என்னையும் பற்றியதுதான்.

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் என்ற புலவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். காட்டில் ஒரு வேட்டுவன் அம்பு எய்கிறான். அந்த ஒரே அம்பு யானையை வீழ்த்துகிறது. புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைக்கிறது. (ஓர் அம்புக்கு இவ்வளவு உந்தம் எங்கிருந்து கிடைத்தது என்று இயற்பியல் வாத்தியார் கேட்கக் கூடாது. கவிதைக்கு அந்த உரிமை உண்டு.) வழியில் வந்த பாணர் கூட்டம் அவன் யார் என்று தெரியாமலே அவன் முன்னால் பாடுகிறது. பாட்டில் தலைவனை விளிக்கும் இடம் வந்ததும், அது தன்னையே குறிப்பதால் அவன் வெட்கப்பட்டுப் போகிறான். அவன்தான் ஓரி. வந்தவர்கள் தங்கள் தேவையைச் சொல்லி முடிக்கக்கூட அவன் விடவில்லை. வேட்டையில் கிடைத்த மான் இறைச்சியையும் மதுவையும் கொடுத்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் கொடுத்து அனுப்புகிறான்.

இதைப் படித்தவுடன் நம் மனம் நெகிழ்கிறது. ஆனால் பக்கத்தில் ஒரு சந்தேகப் பேர்வழி உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்கிறார்: "கொடுத்தான், சரி. பதிலுக்குப் பாட்டுக் கிடைத்ததே! இரண்டாயிரம் ஆண்டாகப் பெயர் நிற்கிறதே! இதைவிட நல்ல வியாபாரம் உண்டா?"

கேட்க வேண்டிய கேள்விதான். வேறொரு வள்ளலைக் காட்டி அவரை மடக்கப் பார்க்கலாம். அதே வன்பரணர் 150-ஆம் பாட்டில் நள்ளியைப் பற்றிச் சொல்கிறார். களைத்துக் கிடந்த புலவருக்கும் அவர் கூட்டத்துக்கும் ஒரு வேட்டுவன் இறைச்சி சுட்டுக் கொடுக்கிறான். தன் மார்பில் அணிந்த ஆரத்தையும் கையில் இருந்த அணியையும் கழற்றிக் கொடுக்கிறான். "எந்த நாடு?" என்று கேட்டால் சொல்லவில்லை. "யார் நீங்கள்?" என்று கேட்டால் அதையும் சொல்லவில்லை. போய்விட்டான். வழியில் பிறர் சொல்லித்தான் அவன் நள்ளி என்று புலவருக்குத் தெரிகிறது.

சந்தேகப் பேர்வழி விடுவாரா? "பெயர் சொல்லாமல் கொடுத்தால் மனத்துக்குள் ஒரு பெருமிதம் வருமே, அதற்காகக் கொடுத்தான்" என்பார். "அதுவும் இல்லையென்றால் புண்ணியத்துக்காக" என்பார்.

இந்தச் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் அண்டிரனைப் புகழும்போது ஒரு விசித்திரமான காரியம் செய்கிறார். ஆய் என்ன செய்தான் என்று சொல்வதற்கு முன்னால், ஆய் எப்படிப்பட்டவன் அல்லன் என்று சொல்கிறார். இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைக்கு வாங்கும் வணிகன் அல்லன் அவன். சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தான் என்கிறார். அப்படியானால் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களும் அக்காலத்தில் இருந்திருக்க வேண்டும். 'எல்லாமே வியாபாரம்தான்' என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புலவர் இதை எடுத்துச் சொல்ல அவசியமே இல்லையே!

சரி, இதில் உங்களுக்கு என்ன வந்தது? நிறைய இருக்கிறது. சாலை எட்டாத மலைக் குடியிருப்பு ஒன்றில் பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் இரவில் இறங்கி வருகிறார்கள். ஆளுக்கு ஆள் தோள் மாற்றிக்கொள்கிறார்கள். பேர்வழி சொல்வது உண்மையானால், அந்த நாலு பேரும் நாளைக்குத் தங்கள் வீட்டுக்கு ஆள் வேண்டும் என்றோ, ஊர் பழிக்கும் என்றோதான் தூக்குகிறார்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது விழித்திருந்த அம்மாவும் அப்படித்தான். உங்களுக்குப் பாடம் விளங்கவில்லை என்று மாலையில் இருக்கச் சொல்லிச் சொல்லித் தந்த ஆசிரியரும் அப்படித்தான். இந்த எண்ணத்தை ஒருவன் நிஜமாக நம்பிவிட்டால், அதன் பிறகு யார் கொடுக்கும் சோறும் அவனுக்குப் பழைய ருசியில் இருக்காது. ஆகவே இது உண்மையா என்று பார்த்துவிட வேண்டியதுதான். உண்மையென்றால் ஏற்றுக்கொள்வோம்.

முதலில் மலையிலேயே கிடைக்கும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கொல்லித் தேன் தெரியும் அல்லவா? தேன் கூட்டைக் கலைத்தால் வேலைக்காரத் தேனீ கொட்டும். அதன் கொடுக்கில் அம்பு முனையில் இருப்பது போன்ற முட்கள் உண்டு. நம் தோலில் தைத்தால் திரும்ப வராது. தேனீ பறக்க முயலும்போது கொடுக்கோடு நஞ்சுப் பையும் குடலின் ஒரு பகுதியும் பிய்ந்து வந்துவிடும். தேனீ செத்துப்போகும். கூட்டுக்காக உயிரைக் கொடுக்கிறது.

இது டார்வினையே உறுத்திய புதிர். தன்னைக் கொடுத்துவிடுகிற உயிர் சந்ததி விடாது. சந்ததி விடாத பண்பு எப்படித் தலைமுறை தலைமுறையாக நிலைக்கும்? 1964-இல் வில்லியம் ஹாமில்ட்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் இதற்குக் கணக்கு முறையில் விடை சொன்னார். உதவுகிறவருக்கு ஒரு நட்டம், பெறுகிறவருக்கு ஓர் ஆதாயம். இருவருக்கும் பொதுவான மரபணுக்களின் விகிதத்தால் ஆதாயத்தைப் பெருக்குங்கள். அந்தப் பெருக்குத்தொகை நட்டத்தைவிட அதிகமாக இருந்தால், உதவும் பண்பு அந்த இனத்தில் பரவும். உடன்பிறந்தவருக்கு விகிதம் அரை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளுக்கு எட்டில் ஒன்று.

இந்தக் கருத்தை ஹால்டேன் வேடிக்கையாக முன்பே சொன்னதாகக் கூறுவார்கள். "ஒரு சகோதரனுக்காக ஆற்றில் குதிப்பீர்களா?" என்று கேட்டார்களாம். "ஒருவனுக்காக மாட்டேன். இரண்டு சகோதரர்கள் அல்லது எட்டு மாமன் மகன்கள் என்றால் குதிப்பேன்" என்றாராம். இந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, இந்தியக் குடிமகனாகி, 1964 டிசம்பரில் புவனேஸ்வரத்தில் காலமானவர். சகோதரனுக்குக் கணக்குப் போட்ட அந்த மனிதர் தம் உடலை மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்கு எழுதி வைத்துவிட்டார். அது காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே படித்த மாணவர்களில் அவருக்கு மாமன் மகன் யாரும் இல்லை!

தேனீக்கு வருவோம். தேனீக்களில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது. அதனால் ஒரே தந்தைக்குப் பிறந்த வேலைக்காரத் தேனீக்கள் நாலில் மூன்று பங்கு ஒத்த மரபணு உடையவை. நம் அக்கா தங்கைகளைவிட நெருக்கம். (ராணித்தேனீ பல ஆண்களுடன் கூடுவதால் கூட்டின் சராசரி இதைவிடக் குறையும், ஒரே தாய், வேறு தந்தை என்றால் நாலில் ஒன்றுதான். கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை.) எப்படியானாலும் செத்துப்போகும் தேனீயின் மரபணு, அதன் தாயும் சகோதரிகளும் பிழைப்பதால் பிழைக்கிறது.

"பார்த்தீர்களா! தியாகம் என்பதே மரபணுவின் சுயநலம்" என்று பேர்வழி கைதட்டுகிறார்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கொல்லிமலைப் பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இனிப்பு நமக்கு ஏன் பிடிக்கிறது? இனிப்புள்ள பழத்தைத் தேடித் தின்ற முன்னோர்கள் சக்தி பெற்றுப் பிழைத்தார்கள். அவர்கள் வழி நாம் வந்தோம். இது பரிணாமக் காரணம். ஆனால் சுளையை வாயில் போடும்போது உங்கள் மனத்தில் இருப்பது என்ன? 'என் சந்ததி பெருக வேண்டும்' என்பதா? பலா வேண்டும் என்பது மட்டும்தான்! ஒரு விருப்பம் நமக்குள் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அந்த விருப்பம் எதை நாடுகிறது என்பது வேறு கேள்வி. தாய்க்குப் பிள்ளைமேல் அன்பு வந்த வழியை ஹாமில்ட்டனின் கணக்கு சொல்லக்கூடும். அந்த அன்பு பிள்ளையைத்தான் நாடுகிறது, கணக்கை அல்ல.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் துன்பத்தை நினைத்தால் ஜார்ஜ் பிரைஸ் என்ற மனிதர் ஞாபகம் வருகிறார். 1922-இல் பிறந்த அமெரிக்க வேதியியலாளர். 1967-இல் லண்டனுக்கு வந்து, ஹாமில்ட்டனின் கட்டுரையைப் படித்து, அதைத் தாமே மறுபடி போட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். உயிரியல் படித்தவர் அல்லர். ஆனாலும் ஒரு பண்பு தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறும் என்பதற்கு 1970-இல் அவர் வெளியிட்ட சமன்பாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பிறகு அவர் வாழ்க்கை மாறியது. வீடற்றவர்களையும் குடியில் வீழ்ந்தவர்களையும் தேடிப் போய் உதவினார். தம் வீட்டில் தங்க வைத்தார். இருந்த பணத்தையும் பொருளையும் கொடுத்துத் தீர்த்தார். கடைசியில் தாமே வீடற்றவராகி, கடுமையான மனச்சோர்வில் 1975 ஜனவரியில் மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் ஹாமில்ட்டன் இருந்தார். பிரைஸால் உதவி பெற்ற வீடற்றவர்கள் சிலரும் இருந்தார்கள்.

தம் சமன்பாட்டைப் பொய்யாக்கவே பிரைஸ் இப்படிச் செய்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இன்னொருவர் மனத்துக்குள் புகுந்து பார்த்தவர் யார்? ஆனால் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். அதைப் பொய்யாக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தச் சமன்பாட்டில் 'ஆசை', 'நோக்கம்', 'அன்பு' என்று எந்தக் குறியீடும் கிடையாது. எத்தனை பிழைத்தன, எத்தனை பெருகின என்பதுதான் அதில் இருக்கிறது.

உறவே இல்லாதவர்களுக்கு உதவுவது எப்படி? அதற்கு 1971-இல் ராபர்ட் டிரைவர்ஸ் ஒரு வழி காட்டினார்: இன்று நான், நாளை நீ. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் அமெரிக்கக் கண்டத்தில் உண்டு. இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். வயிறு நிறைந்த வௌவால் பசித்த வௌவாலுக்கு இரத்தத்தைக் கக்கிக் கொடுப்பதை ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டாரிகாவில் கண்டு 1984-இல் எழுதினார். முன்பு தனக்குக் கொடுத்ததற்குத்தான் அது பெரும்பாலும் கொடுக்கிறது. கொல்லிமலையிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் ஊர் விதை வங்கிகளுக்குத் துணை நின்றது. விதைக்கு வாங்கியவர் அறுவடைக்குப் பின் சற்றுக் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது கொடுக்கல் வாங்கல்தான். அதில் ஒரு குறையும் இல்லை. இதைத் தியாகம் என்று யாரும் பெருமை பேசுவதும் இல்லை.

ஆக, சில உதவிகள் வியாபாரம் என்பது நிச்சயம். எல்லாமே வியாபாரமா என்பதுதான் வழக்கு.

பேர்வழியின் கடைசி ஆயுதம் வலுவானது. "உதவினால் சந்தோஷம் வருகிறது. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் உதவுகிறோம்." சந்தோஷம் வருவது உண்மை. மூளையைப் படம் பிடித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கொடுத்து, அதிலிருந்து ஏழைகளுக்கான உணவு நிதிக்குப் பணம் போகும்போது அவர்கள் மூளையைக் கவனித்தார்கள். பரிசு கிடைத்தால் வேலை செய்யும் அதே பகுதிகள் அப்போதும் வேலை செய்தன.

ஆனால் குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் வெளிச்சம் வருகிறது, சூடும் வருகிறது. சொல்லப்போனால் மின்சாரத்தில் பெரும் பங்கு சூடாகத்தான் போகிறது. அதற்காக, இருட்டில் பல்பைப் போட்டவன் குளிர் காயத்தான் போட்டான் என்று சொல்வீர்களா? ஒன்றோடு கூட வருவது எல்லாம் அதன் நோக்கம் ஆகிவிடாது.

இன்னும் ஒரு படி போகலாம். 1726-இலேயே ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எடுத்துக் காட்டிய வாதம் இது. ஒரு காரியம் நடந்தால் சந்தோஷம் வர வேண்டுமானால், அந்தக் காரியத்தின்மேல் முதலில் விருப்பம் இருக்க வேண்டும். தாகம் இருப்பவனுக்குத்தான் தண்ணீர் இனிக்கும். அதுபோல மற்றவர் பசி ஆறியது நமக்கு இனிக்கிறது என்றால், அவர் பசி ஆற வேண்டும் என்ற விருப்பம் ஏற்கெனவே நம்மிடம் இருந்திருக்கிறது! மேலே சொன்ன ஆரிகன் சோதனையிலும் ஒரு சுவையான விஷயம் உண்டு. சில தடவை பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை. வரி பிடிப்பது போல எடுத்துவிட்டார்கள். 'நான் கொடுத்தேன்' என்ற பெருமைக்கு அங்கே இடமே இல்லை. அப்போதும் அந்தப் பகுதிகள் வேலை செய்தன. தாமே மனமுவந்து கொடுத்தபோது அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமைக்கும் பங்கு இருக்கிறது. பெருமை மட்டும் அல்ல.

பேர்வழி இதற்கும் மசியமாட்டார். "பிறர் பசி ஆற வேண்டும் என்று விரும்பினாய் அல்லவா? அது உன் விருப்பம்தானே? உன் விருப்பத்தைத் தீர்த்துக்கொண்டால் அது சுயநலம்தானே?" என்பார். இந்த இடத்தில்தான் இயற்பியல் படித்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒரு வெப்பமானியை ஐஸில் வைத்தால் 40 காட்டுகிறது. கொதிக்கும் நீரில் வைத்தாலும் 40. சட்டைப் பையில் வைத்தாலும் 40. அதை என்ன செய்வீர்கள்? குப்பைத் தொட்டியில் போடுவீர்கள். பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடியவனும் சுயநலக்காரன், டோலி தூக்கியவனும் சுயநலக்காரன், இரண்டுக்கும் ஒரே அளவீடு என்று சொல்லும் கொள்கை அந்த வெப்பமானிதான். எது நடந்தாலும் பொய்யாகாத கூற்று உலகைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. விருப்பம் என்னுடையதுதான். ஆனால் அது யாருடைய நன்மையை நாடுகிறது? அதுதான் கேள்வி.

கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டால் சோதனை செய்ய வழி பிறக்கும். பிறர் துன்பத்தைப் பார்த்தால் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடத்தைப் போக்கிக்கொள்ளத்தான் உதவுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எழுந்து போய்விட்டாலும் சங்கடம் தீர்ந்துவிடுமே! போகும் வழி சுலபமாகத் திறந்திருந்தால் யாரும் உதவ மாட்டார்கள். மாறாக, அந்த ஆளின் துன்பம் தீர வேண்டும் என்பதே நோக்கமானால், வழி திறந்திருந்தாலும் உதவுவார்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பேட்சனும் அவருடன் இருந்தவர்களும் 1981-இல் இதைச் செய்து பார்த்தார்கள். 44 மாணவிகள். எலேன் என்ற பெண் ஒரு சோதனையில் மின் அதிர்ச்சி வாங்குவதை ஒவ்வொருவரும் திரையில் பார்க்க வேண்டும். (எலேன் நடித்தாள், நிஜமான அதிர்ச்சி இல்லை. பார்த்தவர்களுக்கு அது தெரியாது.) மொத்தம் 10 தடவை அதிர்ச்சி. சிலரிடம், "நீங்கள் 2 தடவை பார்த்தால் போதும், பிறகு போகலாம்" என்றார்கள். மற்றவர்களிடம், "பத்தையும் பார்க்க வேண்டும்" என்றார்கள். இரண்டு தடவை முடிந்ததும் எலேன் துடிக்கிறாள். "நீங்கள் அவள் இடத்தில் உட்காரத் தயாரா?" என்று கேட்டார்கள். இதற்கு முன்பே, எலேன் உங்களைப் போன்ற விருப்பங்கள் உடையவள் என்று பாதிப் பேருக்கும், மாறானவள் என்று மீதிப் பேருக்கும் நம்பும்படி செய்திருந்தார்கள். ஒத்தவள் என்று நம்பியவர்களுக்கு அவள்மேல் பரிவு கூடும் என்பது எதிர்பார்ப்பு.

பரிவு குறைந்தவர்களில், பத்தையும் பார்த்தே தீர வேண்டியவர்களில் நூற்றுக்கு 64 பேர் உதவ முன்வந்தார்கள். போகும் வழி திறந்ததும் அது 18 ஆகச் சரிந்தது. பேர்வழி சொன்னது இவர்கள் விஷயத்தில் சரிதான்! இவர்கள் தங்கள் சங்கடத்துக்குத்தான் மருந்து தேடினார்கள். பரிவு மிகுந்தவர்களைப் பாருங்கள். பார்த்தே தீர வேண்டியவர்களில் 82. வழி திறந்திருந்தவர்களில் 91. கதவு திறந்திருந்தும் எலேனுக்குப் பதில் அந்த நாற்காலியில் உட்காரச் சம்மதித்தார்கள்.

44 பேர் சிறிய எண்ணிக்கைதான். பேட்சன் அதோடு நிற்கவில்லை. 'உதவாவிட்டால் குற்ற உணர்ச்சி வரும்', 'பிறர் பழிப்பார்கள்', 'பாராட்டுக் கிடைக்கும்' என்று பேர்வழி சொல்லக்கூடிய ஒவ்வொரு காரணத்துக்கும் அதைத் தனியே பிரித்தெடுக்கும் சோதனை அமைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். எதிர்ப்பும் வந்தது. 1997-இல் ராபர்ட் சியால்டினி குழுவினர், பரிவு கொள்ளும்போது 'நான்' வேறு 'அவள்' வேறு என்ற எல்லை மங்கிவிடுகிறது, ஆகவே அவளுக்கு உதவுவது தனக்கே உதவுவதுதான் என்று வாதிட்டார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இது பேர்வழிக்கு வெற்றி அல்ல. முன்பின் தெரியாத ஒருத்தியை உள்ளே சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு 'நான்' அகலமாகிவிட்டால், அதன்பிறகு அதைச் சுயநலம் என்று அழைப்பதில் என்ன மிச்சம் இருக்கிறது?

இனி, பாராட்டுவதற்கு வருவோம். முல்லைக்கொடிக்குப் பாரி தேரைக் கொடுத்தான் என்று கேட்டு வளர்ந்தோம். கொடி பாட்டுப் பாடாது. திருப்பித் தராது. அதைக் கேட்கும்போது நெஞ்சில் இதமாக ஏதோ நிறைகிறது அல்லவா? பாரியால் நமக்கு இனி ஒரு காசு லாபம் இல்லை. பிறகு ஏன் அந்த உணர்வு? 'நல்லவனைப் புகழ்ந்தால் நாமும் நல்லவர்போல் தெரிவோம்' என்பதற்காகவா? மேடையில் புகழ்கிறவர்கள் சிலருக்கு அது பொருந்தலாம்! தனியாகப் படித்துக்கொண்டிருக்கும்போது கண் கலங்குகிறதே, அங்கே யார் பார்க்கிறார்கள்?

ஜொனாதன் ஹைட் என்ற உளவியலாளர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த உணர்வுக்குத் தனிப் பெயரிட்டு ஆராயத் தொடங்கினார். அதை 'நெஞ்சுயர்வு' என்று நாம் சொல்லலாம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசிரியர் ஒருவர் ஒருவனின் வாழ்க்கையைக் காப்பாற்றியதைக் காட்டும் படத்துண்டைச் சிலருக்கும், சிரிப்புப் படத்தையோ சாதாரணப் படத்தையோ மற்றவர்களுக்கும் காட்டினார்கள். பிறகு, சலிப்பூட்டும் ஒரு வேலையில் உதவும்படி கேட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுப் போகலாம். முதல் குழுவினர் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம் இருந்து உதவினார்கள். பாராட்டு வெறும் கைதட்டலாக நிற்கவில்லை. வேறு யாருக்கோ உழைப்பாக மாறியது.

புகழாசை இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன் பாடிய 182-ஆம் புறப்பாட்டு, இந்த உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது என்று கேட்கிறது. தமக்காக அல்லாமல் பிறருக்காக உழைப்பவர்கள் இருப்பதால்தான் என்கிறது. அதே பாட்டு, அந்த மனிதர்கள் புகழ் என்றால் உயிரையும் கொடுப்பார்கள் என்றும் சொல்கிறது! பாண்டியனுக்கு இதில் முரண் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. 22 காரட் நகையில் 24-இல் 2 பங்கு தங்கம் அல்ல. செம்போ வெள்ளியோ கலந்திருக்கிறது. அதனால் அதைச் செம்பு என்று எடைக்குப் போடுவோமா? 'கலப்பே இல்லாத அன்பு உண்டா?' என்பது ஒரு கேள்வி. 'அன்பு உண்டா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'அபூர்வம்' என்று பதில் வந்தவுடன், இரண்டாவதுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடுவதுதான் பேர்வழியின் தந்திரம்.

ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கலியாணசுந்தரம் 30 ஆண்டுகளுக்கு மேல் தம் சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தம் செலவுக்கு ஓட்டலில் பரிமாறுவது போன்ற வேலைகளைச் செய்தார். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டம் கிடைத்ததால் அதற்காகத்தான் கொடுத்தார் என்று யாராவது சொன்னால், சம்பளம் முதல் மாதம் போன தேதியையும் பட்டம் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவனைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. சிறுபாணாற்றுப்படை வரிசைப்படுத்தும் ஏழு வள்ளல்களில் அந்தக் காரியும் ஒருவன்! வள்ளலை வள்ளல் கொன்றான். மனிதர்கள் கலப்பு உலோகம்தான்.

நள்ளியோ ஓரியோ வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. ஆனால் சோதிக்க ஓர் ஆள் உங்கள் கைவசம் இருக்கிறார், அது நீங்கள்தான். பேட்சன் 1988-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். யாருக்காவது உதவ நீங்கள் மனப்பூர்வமாகக் கிளம்பும்போது, இன்னொருவர் முந்திக்கொண்டு அதைச் செய்துவிடுவது உண்டு. டோலிக்குத் தோள் கொடுக்க ஓடுகிறீர்கள். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. தோழிக்கு நோட்டை எழுதித் தர உட்காருகிறீர்கள், வேறொருத்தி முடித்துவிட்டாள். அந்த முதல் நொடியில் உங்களுக்குள் வந்தது நிம்மதியா, ஏமாற்றமா? பேட்சனின் சோதனையில் பரிவு மிகுந்தவர்கள், தாங்களே உதவியபோது எவ்வளவு மகிழ்ந்தார்களோ, வேறு வழியில் துன்பம் தீர்ந்தபோதும் அவ்வளவே மகிழ்ந்தார்கள்.

ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். யோசித்து அழகுபடுத்துவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். நோட்டை யாருக்கும் காட்டக் கூடாது. காட்டப்போகிறோம் என்று தெரிந்தால் அளவீடு கெட்டுவிடும். இரண்டும் கலந்து வந்தால் இரண்டையும் குறியுங்கள், எது அதிகம் என்றும் குறியுங்கள். ஒரே ஓர் அளவீட்டை வைத்துக்கொண்டு முடிவு எழுதக் கூடாது என்று ஆய்வகத்தில் சொல்லித் தந்திருப்பார்களே, பத்துப் பதினைந்தாவது சேரட்டும்.